பாலாற்றுப் படுகையில் நான் வாங்கிய மெமோக்கள்

ஆற்று வெள்ளத்தை விளைநிலத்துக்குள் விட்டு, அதோடு வரும் பறவையையும் மீனையும் காப்பாற்றுவது எப்படி என்று உங்களுக்கு இப்போது பயிற்சி வகுப்பே நடக்கிறதாம். மத்தியானச் சாப்பாடும் உண்டு என்று கேள்விப்பட்டேன். நல்ல காலத்தில் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். இதே காரியத்தை நான் செய்தபோது அதற்குப் பெயர் கடமை தவறுதல்.

ஓய்வு பெற்ற பொறியாளனைக் கூப்பிட்டு அனுபவத்தைச் சொல்லச் சொன்னால் அவன் லேசில் விடமாட்டான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கரையின் உயரம் எவ்வளவு, சரிவு எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது. அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை. மேலே இருக்கிறவர் அடை என்பார், கீழே இருக்கிறவர் திற என்பார், தண்ணீர் இரண்டு பேரையும் கேட்காமல் வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஆம்பூர் பக்கம், பாலாற்றை ஒட்டிய ஒரு பிரிவுக்கு என்னைப் போட்டார்கள். அங்கே ஆற்றோரமாகத் தாழ்ந்து கிடக்கும் விளைநிலத்துக்குப் படுகை என்று பெயர். ஆற்றில் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது படுகைதான். நனைவதற்காகவே அது அங்கே இருக்கிறது. ஆனால் எங்கள் துறைக்கு, நனைகிற நிலத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நான் போவதற்கு முன்பே படுகைக்கும் ஆற்றுக்கும் நடுவில் நீளமாக ஒரு மண்கரை போட்டு, வெள்ளத்திலிருந்து விவசாயிகளைக் காப்பாற்றியிருந்தார்கள். காப்பாற்றப்பட்ட விவசாயிகள் யாரும் எங்களுக்கு நன்றி சொல்ல வரவில்லை.

பாலாறு வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. பாதி வருஷங்களில் மணல்தான் ஓடும், அதுவும் லாரியில். ஆனால் தண்ணீர் வந்த ஒவ்வொரு வருஷமும், வெள்ளம் பாதி போன பிறகு, எங்கள் கரை ஒரே இடத்தில் உடைந்தது. காரணம் எலி வளை என்று எங்கள் அறிக்கைகள் ஒரே குரலில் சொல்லின. நான் போய்ப் பார்த்தேன். உடைப்பின் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நேராக, மண்வெட்டி பதிந்த தழும்போடு இருந்தது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த எலிகளைப் பற்றி எனக்கு முன்னால் இருந்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கோடையிலும் கான்ட்ராக்டர் வந்து கரையை மறுபடி போடுவார். அவருக்கு அந்த எலிகள் மேல் தனிப்பட்ட மரியாதை உண்டு.

படுகைக்காரர்கள் கரையை வெட்டியதற்குக் காரணம் உப்பு. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டேனரிகளில் தோலைப் பதப்படுத்திய தண்ணீர் எங்கே போகும்? கால்வாயில் போகும், அங்கிருந்து மண்ணுக்குள் போகும், கிணற்றுக்கு வரும். வெயில் காலத்தில் படுகை நிலம் வெள்ளையடித்தது போல இருக்கும். அந்த உப்பைக் கழுவ ஒரே வழி, ஆறு உள்ளே வந்து, சில வாரம் நின்று, வழித்துக்கொண்டு திரும்பிப் போவது. அது போகும் சமயத்தில் சேற்றில் நத்தை பெருகும். நத்தை இருந்தால் நத்தைகுத்தி நாரை வரும். உப்பு இருந்தால் நத்தையும் இல்லை, நாரையும் இல்லை. அதனால் நாரை இறங்கிய பிறகுதான் ஏர் இறக்குவது என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம். அறுவடைக்குப் பிறகு கோயிலில் பொங்கல் வைத்தால் நாரைக்கென்று ஒரு கை அள்ளி வரப்பில் வைப்பார்கள். நாரை அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை, காக்கைதான் தின்னும். ஆனாலும் வைப்பார்கள்.

எலிகளில் முக்கியமான ஒன்று முனியம்மா என்பது என் சந்தேகம். கேட்டதில்லை. அவருக்குப் படுகையில் ஒரு ஏக்கர். கணவருக்கு டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. நிலத்தைப் பார்ப்பது முனியம்மாதான். அது கொழுந்தனோடு கூட்டுப் பட்டா. கரை போட்டதிலிருந்து விளைச்சல் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் போட்ட விதை கூடத் திரும்பவில்லை. டேனரிக் கழிவைக் கொட்ட இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு ஆள் கொழுந்தனிடம் நிலத்தைக் கேட்டான். கொழுந்தனுக்கு ஆசை வந்துவிட்டது. முனியம்மா சண்டை போட்டு ஒரே ஒரு போகம் அவகாசம் வாங்கினார். அதிலும் விளையவில்லை என்றால் கையெழுத்துப் போடுவதாக ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில் வழக்கம் போல உடைப்பு திறந்து கிடந்தது. முனியம்மா நேராக ஆபீசுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"ஓவர்சியர் சார், இந்த வாட்டி கரையக் கட்டாதீங்க."

"கட்டறதுக்குத்தானேம்மா எனக்குச் சம்பளம் தர்றாங்க."

"சம்பளத்த வாங்கிக்கினு சும்மா இருங்க. மத்த வேலையெல்லாம் அப்டித்தான செய்றீங்க?"

ஆபீசில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தார்கள். அந்த அறையில் அவ்வளவு மும்முரத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இங்கே எனக்கு வழி காட்டியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் கோப்புகளைக் கவனித்துக்கொண்டிருந்த அம்மா அவர். வயதில் என்னைவிடச் சின்னவர். குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார், வீட்டில் லுங்கித் தறி ஓடும். முனியம்மா போன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கட்டறதா இல்லியா சார்?" என்று கேட்டார். கட்டாமல் இருக்க விதியில் இடமில்லை என்றேன்.

"கட்டாம இருக்கறேன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க. கட்டலாமான்னு கேளுங்க. எங்க வீட்ல ஒரு இழை அறுந்தா தறி நின்னுடும். ஃபைலுக்கு ஒரு கேள்வி போதும்."

அப்படியே செய்தோம். உடைப்பை அடைத்தால் பறவைகளுக்குப் பாதிப்பு உண்டா என்று பறவைகளைப் பார்க்கிற துறைக்கு எழுதினோம். பறவைகள் தங்களுடையவைதான், அவை நிற்கும் நிலம் தங்களுடையதல்ல என்று பதில் வந்தது. நிலத்தைப் பார்க்கிற துறைக்கு எழுதினோம். நிலம் பட்டா நிலம், தண்ணீர் உங்களுடையது என்றார்கள். மண்ணைப் பார்க்கிறவர்கள் மண் மாதிரி கேட்டார்கள். அனுப்பினோம். மாதிரியில் உப்பு அளவுக்கு மீறி இருப்பதால் நல்ல மாதிரியாக மாற்றி அனுப்பவும் என்று எழுதினார்கள். இப்படியே ஆடி போய், ஆவணி போய், ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. கான்ட்ராக்டர் வாரம் ஒரு முறை வந்து எலிகள் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஃபைல் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. கரை பாதுகாப்பு என்ற தலைப்பில், உடைப்பு மேலும் அகலமாகாமல் அதன் இரண்டு ஓரத்திலும் கருங்கல் அடுக்கினேன். படுகையின் கீழ்க்கோடியில், தண்ணீர் ஆற்றுக்கே திரும்பிப் போகப் பலகை போட்ட சின்ன மதகு ஒன்று வைத்தேன். வருகிற வெள்ளத்துக்கு வாசல் வைத்தால் போகிற வெள்ளத்துக்கும் வைக்க வேண்டும். பின்னால் இந்த மதகுதான் என் கழுத்தைப் பிடித்தது.

இன்னொரு ஆளும் இருந்தார். படுகையின் ஓரத்தில் ஒரு டேனரிக்காரர் பச்சைத் தோல் வைக்கும் கோடவுன் கட்டியிருந்தார். ஊரில் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அவருடைய தோல் நனைந்துவிடும் என்பதுதான் கரையைக் கட்ட எங்கள் மேலதிகாரிகள் சொல்லும் முதல் காரணம். அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் போய்க் கேட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "தண்ணி வந்தா வரட்டும் சாப்" என்றார். "வரும்னு ஒரு நாள் முன்னாடி சொல்லுங்க, ஆள உட்டு மேல ஏத்திக்கிறேன். உங்க ஆபீஸ்ல வராது வராதுன்னே சொல்வாங்க, அப்புறம் வந்துடும். அதான் பேஜாரு."

இதைக் கவனியுங்கள். வெள்ளத்தில் ஜனங்களுக்குப் பாதி நஷ்டம் தண்ணீரால், மீதி நஷ்டம் நாம் கொடுக்கும் தைரியத்தால். வராது என்று நாம் சொன்னதை நம்பித்தான் மனிதர்கள் மூட்டையைத் தரையில் வைக்கிறார்கள்.

கார்த்திகையில் மேலே நல்ல மழை. நாளைக்கு ஆறு நிரம்பி வரும் என்று தெரிந்ததும் பாயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மறுநாள் காலையில் நான் படுகைக்குப் போனபோது தண்ணீர் செக்கச்செவேலென்று கரையைத் தொட்டுக்கொண்டு, உடைப்பு வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படுகைக்காரர்கள் மேட்டில் வரிசையாக நின்றார்கள், முனியம்மா முன்னால். அப்போது பாயின் ஆள் சைக்கிளில் வந்தான். பக்கத்தில் போன் இருந்த ஒரே இடம் பாயின் டேனரி. அங்கே எனக்குப் போன் வந்திருக்கிறதாம்.

போனில் எங்கள் செயற்பொறியாளர். இ.இ. என்றுதான் சொல்வோம். மனிதர் கெட்டவரில்லை. மேலே அனுப்பிய அறிக்கையை அவரே நம்பிவிடுவார், அதுதான் அவரிடம் சிக்கல். தன் எல்லையில் எங்கும் உடைப்பு இல்லை என்று அன்று காலையே மேலே சொல்லிவிட்டிருந்தார். ஆகவே உடைப்பு இருக்கக் கூடாது.

"மணல் மூட்டை போட்டு உடனே அடைங்க. பாயோட தோலெல்லாம் நனைஞ்சா யார் பதில் சொல்றது?"

பாய் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ரிசீவரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"சார், தோலெல்லாம் நேத்தே மேல ஏத்தியாச்சு. நனையறதுக்கு இனிமே நாங்கதான் பாக்கி."

இ.இ.க்கு அது திருப்தி தரவில்லை. மூட்டை போட்டே ஆக வேண்டும் என்றார். சாக்குகளை லாரியில் அனுப்பி வைத்தார். சாக்குகள் நல்ல சாக்குகள், குறை சொல்ல முடியாது. அவற்றில் நிரப்ப மணல் வேண்டும். மணல் ஆற்றில் இருந்தது. ஆற்றில் வெள்ளம். முனியம்மா ஒரு சாக்கை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல இன்னா ரொப்பப் போறீங்க சார், தண்ணியா?" என்றார்.

கரை மண்ணையே வெட்டி நிரப்பலாம் என்று என்னோடு வந்த ஒருவர் யோசனை சொன்னார். அதாவது கரையில் இருந்த ஓட்டையை அடைக்க, கரையில் இன்னொரு ஓட்டை. நான் அவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர அந்த நேரத்தில் நான் ஆறு போகும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றின் கீழ்ப்பக்கம் பாலத்தை ஒட்டி டேனரித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று உண்டு. முந்தைய வெள்ளத்தில், எலிகள் கை வைக்கும் வரைக்கும் கரை அடைபட்டிருந்ததால், படுகையில் பரவ வேண்டிய தண்ணீரெல்லாம் நெருக்கிக்கொண்டு நேராக அங்கேதான் போய் வீடு புகுந்தது. இந்த முறை உடைப்பை அடைத்தாலும் அதேதான் நடக்கும். முனியம்மாவின் ஒரே போகமும் போகும். அடைக்காவிட்டால் போவது என் பேர் மட்டும். இப்படி வைத்துப் பார்த்ததும் மனம் தெளிந்துவிட்டது. சாக்குகளை மடித்து லாரியிலேயே வைக்கச் சொன்னேன். பத்திரமாகத் திருப்பி அனுப்பினேன். அதற்கு ரசீதும் கொடுத்தார்கள்.

ஆறு உள்ளே வந்தது. சத்தம் போடாமல், அவசரப்படாமல், வயல் வயலாகப் பரவிப் படுத்துக்கொண்டது. மத்தியானம் நான் பாலத்துக்கு ஓடினேன். குடியிருப்பின் முதல் படி நனைந்திருந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து நிம்மதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறியாளன் நடுரோட்டில் அழக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

அந்த வாரமே முதல் மெமோ வந்தது. மேலதிகாரியின் உத்தரவுப்படி உடைப்பை அடைக்காதது ஏன்? உத்தரவிட்ட மணல் உத்தரவிட்ட நேரத்தில் தண்ணீருக்கடியில் இருந்தது என்று எழுதிக் கொடுத்தேன். ஃபைல் அம்மா அதைப் படித்துப் பார்த்து, மாற்ற ஒன்றுமில்லை என்று தட்டச்சுக்கு அனுப்பினார்.

பிறகு நாரைகள் வந்தன. முதலில் நாலைந்து, அப்புறம் கூட்டமாக. நத்தைகுத்தி, மஞ்சள் மூக்கு நாரை, கொக்கு, சிறகி. கெளுத்தியும் விராலும் வயலில் புரண்டன. தவளைச் சத்தத்தில் பாயின் டேனரி சைரன் கேட்கவில்லை என்று தொழிலாளர்கள் லேட்டாக வந்தார்களாம், அது சாக்கு என்றே நினைக்கிறேன். வேலூரிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். செய்தி சென்னை வரை போனது. அங்கே ஒரு பெரிய அதிகாரிக்குப் பறவை பார்ப்பதில் மிகுந்த ஈடுபாடாம். நேரில் வருவதாகச் சொன்னார்.

அன்றைக்கு இ.இ.க்கு ஒரு ஞானம் பிறந்தது. தன் எல்லையில் இல்லாத உடைப்பு வழியாக வந்த வெள்ளம் தன்னுடைய திட்டம்தான் என்று அவருக்குத் தெரிந்துபோனது. இயற்கையான வெள்ளப்பெருக்கு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்து, என்னைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார்.

"பெரியவர் வந்து பார்க்கிற வரைக்கும் இயற்கை இப்படியே இருக்கணும். ஒரு அங்குலம் தண்ணி குறையக் கூடாது."

மதகுப் பலகைகளுக்கு நடுவே களிமண் அப்பி இறுக்கினார்கள். பக்கத்தில் ஒரு காவலாளி. பறவைகளுக்குத் தொந்தரவு என்று படுகைக்குள் யாரும் இறங்கக் கூடாது, நிலத்துக்காரர்கள் உட்பட.

பெரிய அதிகாரி அந்த வாரம் வருவதாக இருந்தது. சட்டசபை கூடியது, வரவில்லை. அடுத்த வாரம் சளி. அதற்கடுத்த வாரம் வேறு ஊரில் வேறு பறவை. தண்ணீர் நின்றது. நிற்கிற தண்ணீர் என்ன ஆகும்? வெயிலில் சூடேறி, பாசி பிடித்து, நாறத் தொடங்கியது. கரைந்த உப்பு போக வழியில்லாமல் அதிலேயே கிடந்தது. நத்தைகள் ஓட்டைத் திறந்து மிதந்தன. நாரைகள் நம் உத்தரவைப் படித்ததில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போயின.

முனியம்மா விதையைப் பாயின் மேட்டு நிலத்தில், நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் நாற்று விட்டிருந்தார். நாற்று வளர்ந்து நின்றது. நட வேண்டிய நிலம் தண்ணீருக்கடியில், காவலோடு இருந்தது.

பறவை குறைவதைக் கேட்டு இ.இ. பதறிப்போனார். பதறினால் அவருக்கு யோசனை வரும், அதுதான் எங்களுக்குப் பயம். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, பறவைக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். எலி இல்லாமல் தொழில் படுத்துப்போயிருந்த கான்ட்ராக்டர் ஒரே நாளில் ஏற்பாடு செய்துவிட்டார். காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு வாத்துக் கூட்டத்தை, வாத்துக்காரரோடும் அவர் குச்சியோடும் லாரியில் கொண்டுவந்து இறக்கினார்.

பல நூறு வாத்துகள். படுகை முழுக்கக் குவாக் குவாக் என்று ஒரே கலவரம். மிச்சமிருந்த நத்தைகளை இரண்டு நாளில் தின்று தீர்த்தன. அதைப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த நத்தைகுத்திகளும் போய்விட்டன. வாத்துக்காரருக்கு மட்டும் எங்கள் துறை மேல் நல்ல அபிப்பிராயம். "வாத்துக்குக் காவல் போட்ட கவர்மெண்ட்ட இப்பத்தான் சார் பாக்கறேன்" என்றார்.

அடுத்த நாள் தகவல் வந்தது. பெரிய அதிகாரி நாளை மறுநாள் கட்டாயம் வருகிறார். மதகுக்குப் போனேன். முனியம்மா ஒரு பிடி நாற்றோடு அங்கே நின்றிருந்தார். காவலாளி தள்ளிப் போய் நின்றுகொண்டான். அவர் சத்தம் போடவில்லை, கிண்டலும் செய்யவில்லை. ஒரு நாற்றை எடுத்து அதன் தண்டை நகத்தால் கீறிக் காட்டினார்.

"கணு உட்டுச்சு பாருங்க சார். இன்னிக்கி நாளிக்குள்ள நட்டாத்தான். அப்பறம் மாட்டுக்குப் போட வேண்டியதுதான்."

"நாளன்னிக்கு வந்துடறாராம்மா."

"நீங்களுந்தான் மூணு வாரமா சொல்றீங்க. எங்கொழுந்தன் காலைல பத்திரம் எழுதறவனப் பாக்கப் போய்ட்டான்."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். பெரிய அதிகாரி வந்து வறண்ட படுகையைப் பார்த்தால் என்ன ஆகும்? இ.இ.க்கு அவமானம், எனக்குத் தண்டனை. அவமானம் அடுத்த மாறுதலில் மறந்துபோகும். தண்டனையை மேல்முறையீட்டில் குறைக்கலாம். நாற்று முத்தினால் எந்த மேல்முறையீட்டிலும் அது இளசாகாது. விற்ற நிலத்தில் கழிவைக் கொட்டினால், அப்புறம் எந்த வெள்ளம் வந்தாலும் கழுவ முடியாது. எதைத் திருத்தலாம், எதைத் திருத்த முடியாது என்று மட்டும் பாருங்கள். யார் பெரியவர் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

களிமண்ணை நானே சுரண்டினேன். முதல் பலகையை எடுத்தபோது நாற்றம் மூக்கைத் துளைத்தது. இரண்டாவது பலகைக்குக் காவலாளியே வந்து கை கொடுத்தான். படுகைக்காரர்கள் எங்கிருந்துதான் வந்தார்களோ தெரியாது, கொஞ்ச நேரத்தில் மதகைச் சுற்றிக் கூட்டம். தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஆற்றை நோக்கிப் போனது. பாயின் ஆபீசுக்குப் போய் இ.இ.க்கு நானே போன் செய்தேன்.

"சார், தண்ணியைத் திறந்துட்டேன்."

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க?" என்றார்.

"மெமோவை நிதானமா அனுப்புங்க சார். பெரியவர் வந்தா பறவை இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

போனை வைத்த பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. பறவைக்கு யார் பொறுப்பேற்க முடியும்? பாய் என்னைப் பார்த்து, "சாப், உங்களுக்குத் தைரியம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லி இன்னொரு டீ சொன்னார்.

ஆனால் நான் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. ஏரி வற்றும்போது பள்ளங்களில் மீன் ஒதுங்கும், அதற்குப் பறவை மொய்க்கும். இதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் நிற்கும்போது வருவதைவிட வடியும்போது வருவது அதிகம். பார்க்க மாட்டேன் என்று அடம் பிடித்தது எங்கள் துறை மட்டும்தான். மறுநாள் காலை மேட்டு வயல்கள் தலை காட்டின. கீழ்ப்பள்ளங்களில் மீன்கள் துள்ளின. முதலில் கொக்கு, பிறகு மஞ்சள் மூக்கு, பிறகு பெயர் தெரியாத கூட்டமெல்லாம் வந்து இறங்கியது. முனியம்மாவின் ஏக்கர் மேட்டுப் பக்கம். அவர் அன்றைக்கே உழுது, பெண்களைக் கூட்டி நடவைத் தொடங்கிவிட்டார். நாரை இறங்கிய பிறகு ஏர் இறக்கும் வழக்கத்தை இந்த முறை நாரையும் ஏரும் ஒன்றாக இறங்கி ஒப்பேற்றின.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். திறந்ததற்கு இரண்டாவது மெமோ வந்தது. உள்ளே விட்டதற்கு ஒன்று, வெளியே விட்டதற்கு ஒன்று. என் பணிப்பதிவில் அவை இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன, யாரும் சேர்த்துப் படித்ததில்லை. ஒரு சம்பள உயர்வைத் தள்ளிப்போட்டார்கள். முனியம்மாவுக்கு அந்தப் போகம் அமோகம் என்று சொல்ல முடியாது, பாதிக்கு மேல் விளைந்தது. கொழுந்தன் நெல் மூட்டையைச் சுமந்துகொண்டு போகும்போது பத்திரப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது பெரிய அதிகாரி வந்த நாளை.

கழுத்தில் பைனாகுலரோடு வந்தார். பறவைகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு பைனாகுலரைக் கொஞ்சம் திருப்பி, நெடுநேரம் ஒரு பக்கமே பார்த்தார்.

"அது வாத்து இல்லையா?"

"ஆமாம் சார்," என்றார் இ.இ. "வலசை வந்தது."

"எங்கிருந்து?"

இ.இ. பொய் சொல்லும் பழக்கமில்லாதவர். "காவேரிப்பாக்கத்திலிருந்து சார்" என்றார்.

வாத்துக்காரர் கும்பிட்டார். பெரிய அதிகாரி பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, வரப்பு வழியாக நடவு நடக்கும் இடத்துக்குப் போனார். நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் சறுக்கிக்கொண்டே போனோம். முனியம்மா முழங்கால் சேற்றில் நின்று கடைசி வரிசைகளை நட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பறவைகள் வர உங்கள் நிலத்தைக் கொடுத்திருக்கிறீர்கள், அரசாங்கம் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று பெரிய அதிகாரி கேட்டார். உண்மையாகவே கேட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

முனியம்மா இடுப்பை நிமிர்த்தி எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார்.

"வர்ற வருசமும் ஆத்த உள்ள உடுங்க சார். அப்பறம் அது போறப்ப போவ உடுங்க. நடுவுல நீங்க யாரும் வராம இருந்தா போதும்."

மறுபடி குனிந்து நட ஆரம்பித்தார். பெரிய அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். இ.இ. சிரிக்கவில்லை. பழக்கதோஷத்தில் என் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.